முழுத் தாவர உணவில் விட்டமின் ஏ: பீட்டா கரோட்டினா, ரெட்டினைல் பால்மிட்டேட்டா?

பச்சைப்பயறு (கேள்வி)

பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவு. பி12, டி இரண்டுக்கும் மாத்திரை ஏற்கெனவே போகிறது. விட்டமின் ஏ-யில்தான் குழப்பம். பார்த்து வைத்திருப்பவை இரண்டு: ரெட்டினைல் பால்மிட்டேட் 10,000 ஐ.யூ. (சர்வதேச அலகு); எண்ணெயில் கரைத்த பீட்டா கரோட்டின் 15 மி.கி. இரண்டாவதன் லேபிளில் 25,000 ஐ.யூ. என்று போட்டிருக்கிறது.

கேரட், கீரை தினமும் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாமா? வேண்டும் என்றால் எது? 25,000 என்பது ஆபத்தான அளவு இல்லையா?

பெண், வயது 34. புகைப்பழக்கம் இல்லை. தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் எடுக்கிறேன்.

நுண்சத்து

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பயப்பட வேண்டியது 25,000-ஐப் பார்த்து இல்லை, 10,000-ஐப் பார்த்து.

உடல் நேரடியாகப் பயன்படுத்தும் ஏ-தான் ரெட்டினால்; ரெட்டினைல் பால்மிட்டேட் அதன் ஒரு வடிவம். ரெட்டினாலில் 1 ஐ.யூ. என்பது 0.3 மைக்ரோகிராம். ஆக 10,000 ஐ.யூ. என்றால் 3,000 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பே அதுதான். உங்கள் தேவை 700 (ஆண்களுக்கு 900). தினமும் வரம்பின் விளிம்பில் நிற்க ஒரு காரணமும் இல்லை. ரெட்டினால் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, தோல் வறட்சி, முடி உதிர்தல், கல்லீரல் பாதிப்பு எல்லாம் அங்கிருந்து வருபவை.

பீட்டா கரோட்டினுக்கு அப்படி ஒரு வரம்பு வகுக்கப்படவில்லை. அதை ரெட்டினாலாக மாற்றுவது குடலில் இருக்கும் பிசிஓ1 என்ற நொதி. உடலில் ஏ போதுமான அளவு இருந்தால் குடல் அந்த நொதியின் உற்பத்தியைக் குறைத்துவிடும். அதனால் லேபிளில் உள்ள 25,000 காகிதக் கணக்குதான். அவ்வளவும் ரெட்டினாலாக மாறாது.

இனி ஆர்.ஏ.இ. கணக்கு, அதாவது எந்த வடிவத்தில் வந்தாலும் அது எவ்வளவு ரெட்டினாலுக்குச் சமம் என்ற அளவு. 1 மைக்ரோகிராம் ஆர்.ஏ.இ.-க்கு ரெட்டினால் என்றால் 1 மைக்ரோகிராம் போதும். எண்ணெயில் கரைத்த மாத்திரை பீட்டா கரோட்டின் என்றால் 2, உணவில் உள்ள பீட்டா கரோட்டின் என்றால் 12, ஆல்ஃபா கரோட்டின் என்றால் 24 வேண்டும். 100 கிராம் கேரட்டில் பீட்டா சுமார் 8,285 மைக்ரோகிராம், ஆல்ஃபா 3,477. முதலாவதை 12-ஆல் வகுத்தால் 690, அடுத்ததை 24-ஆல் வகுத்தால் 145. மொத்தம் 835. அதாவது 85 கிராம் கேரட்டில் உங்கள் ஒரு நாள் கணக்கு முடிந்தது. வேகவைத்த பசலைக்கீரை 100 கிராமுக்கு 520-ஐ ஒட்டி வரும்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, ஆர்.ஏ.இ. என்று போட்ட எண்ணை மறுபடியும் 12-ஆல் வகுப்பது. மாற்ற இழப்பு அதற்குள்ளேயே கழிக்கப்பட்டுவிட்டது. இன்னொன்று பழைய அட்டவணை. அதில் கேரட்டுக்கு 16,700 ஐ.யூ. என்றிருக்கும். அதை 0.3-ஆல் பெருக்கி 5,000 மைக்ரோகிராம் என்று நினைத்துக்கொள்வார்கள். உணவுக் கரோட்டினுக்கு 0.05-ஆல் பெருக்க வேண்டும். அதே 835 வந்து நிற்கும்.

என் கருத்தில் நீங்கள் சொன்ன இரண்டுமே வேண்டாம்.

எண்ணெய்த்துளி

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் அது சமைத்த விதத்தைப் பொறுத்தது. பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்றால் கரோட்டினில் பெரும்பகுதி செல்சுவருக்குள்ளேயே அடைபட்டு வெளியே போய்விடும். துருவி அல்லது மசித்து, வேகவைத்து, அதே வேளையில் 3 முதல் 5 கிராம் கொழுப்பாவது இருக்கும்படி சாப்பிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் அதற்குப் போதும். கரோட்டின் கொழுப்பில் கரைந்து, பித்தநீரோடு சேர்ந்தால்தான் குடல்சுவரைத் தாண்டும். வெறும் வயிற்றில் கேரட் சாறு குடிப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். எண்ணெயே சேர்க்காத தாவர உணவு முறையைப் பின்பற்றுபவர்கள் கொட்டையோ எள்ளோ அதே தட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தை நம்பி ஏமாற வேண்டாம். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் ஏ-யாக மாறாது, கீரையில் உள்ள லூட்டின் என்ற நிறமியும் மாறாது. வெள்ளைச் சதையுள்ள சர்க்கரைவள்ளியில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆரஞ்சு சதையுள்ளதுதான் கணக்கில் வரும்.

பிசிஓ1 மரபணுவில் சில மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு மாற்றும் திறன் சராசரியைவிட வெகுவாகக் குறைவு. 12-க்கு 1 என்பது சராசரி மட்டுமே என்பதால், தேவையின் இரு மடங்குக்குச் சாப்பிடுவதே பாதுகாப்பு. உணவிலிருந்து வரும் கரோட்டின் என்பதால் அதில் ஆபத்தில்லை. அதிகம் போனால் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாகும், குறைத்தால் தெளிந்துவிடும். கண்ணின் வெள்ளைப்பகுதியும் மஞ்சளானால் அது கரோட்டின் இல்லை, மஞ்சள்காமாலையா என்று உடனே பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் புகைப்பவர்களுக்கு: அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே வேண்டாம். பின்லாந்தில் புகைப்பவர்களுக்குத் தினம் 20 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வில் (1994) நுரையீரல் புற்றுநோய் கூடியது. அமெரிக்காவில் CARET என்ற பெயரில் நடந்த ஆய்வில் 30 மி.கி. பீட்டா கரோட்டினோடு ரெட்டினாலும் கொடுத்தார்கள். அங்கும் அதே கதை, 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். காய்கறிக்கு இந்தத் தடை இல்லை.

ஆய்வகமேசை

தைராய்டு விஷயத்தை யாரும் தொடவில்லை. தைராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கும்போது கரோட்டின் ஏ-யாக மாறுவது மந்தமாகும். டிஎஸ்ஹெச் (தைராய்டு நிலையைக் காட்டும் ரத்தச் சோதனை) கட்டுக்குள் இருந்தால் கவலை குறைவு; இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சத்து மாத்திரையில் இரும்பு, கால்சியம் சேர்ந்திருந்தால் லெவோதைராக்சினுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

சோதிக்க விரும்பினால் சீரம் ரெட்டினால். டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. ஆனால் கல்லீரல் தன் இருப்பு வற்றும்வரை ரத்த அளவை அப்படியே பிடித்து வைத்திருக்கும். அதனால் எண் சரியாக இருப்பது இருப்பும் நிறைவாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. காய்ச்சல், தொற்று இருக்கும்போது எண் தற்காலிகமாக இறங்கும், ஆகவே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி-யும் சேர்த்துப் பாருங்கள். கரோட்டினும் அளந்து, அது உயர்ந்து ரெட்டினால் மட்டும் தாழ்ந்திருந்தால் சிக்கல் மாற்றத்தில். இரண்டுமே தாழ்ந்திருந்தால் உணவில் போதவில்லை, அல்லது குடல் உறிஞ்சவில்லை: சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிப்பது), கணையக் கோளாறு, எடை குறைக்கும் ஓர்லிஸ்டாட் மாத்திரை போன்றவை. மாலைக்கண் தெரிந்தால் சோதனைக்கும் மாத்திரைக்கும் நடுவே அல்லாடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

பச்சைப்பயறு

டிஎஸ்ஹெச் சரியாகவே இருக்கிறது. மாற்றம் மந்தமாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்குக் குறைந்த அளவு ரெட்டினால் எடுக்கலாமா? அடுத்த ஆண்டு கர்ப்பத்துக்குத் திட்டம் உண்டு. ரெட்டினைல் பால்மிட்டேட் தாவர உணவுக்காரர்களுக்கு ஒத்துவருமா?

நுண்சத்து

கர்ப்பத் திட்டம் இருப்பதால் பதில் மாறுகிறது. கருவின் முதல் வாரங்களில் ரெட்டினால் மிகுந்தால் பிறவிக் குறைபாடு வரலாம். ஆகவே சோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவர் எழுதிக் கொடுத்தாலொழிய தனி ரெட்டினால் மாத்திரை வேண்டாம். கர்ப்பகால மல்டிவிட்டமினில் ஏ முழுவதும் பீட்டா கரோட்டினாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கர்ப்பத்தில் தேவை 770 மைக்ரோகிராம், பாலூட்டும்போது 1,300. அதற்குத் தட்டில் காயைக் கூட்டினாலே போதும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எடுப்பவர்கள் ஏ மாத்திரை பக்கமே போகக் கூடாது.

கர்ப்பத்துக்கு வாய்ப்பில்லாதவர்களுக்கு, மாற்றம் மந்தம் என்ற சந்தேகம் இருந்தால் 1,000 முதல் 1,500 ஐ.யூ. ரெட்டினால், அதாவது 300 முதல் 450 மைக்ரோகிராம் போதுமானது. செறிவூட்டிய தாவரப் பால், மல்டிவிட்டமின் இரண்டிலும் உள்ளதைக் கூட்டிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரெட்டினைல் பால்மிட்டேட் பெரும்பாலும் ஆலையில் செயற்கையாகத் தயாரிப்பது. ஆனால் அதைச் சுற்றியிருப்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய மென்கேப்ஸ்யூலின் உறை பலவற்றில் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து எடுப்பது. உலர் மாத்திரையில்கூட விட்டமினைப் பொதிந்த நுண்மணிகளுக்கு ஜெலட்டின் பூசுவதுண்டு, பீட்டா கரோட்டினுக்கும் இது பொருந்தும். மாவுச்சத்து அல்லது கருவேலம்பிசினில் பொதிந்தது என்று பொருள் பட்டியலில் இருந்தால் வாங்கலாம்; அங்கே ஒன்றும் சொல்லாவிட்டால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்.