காட்டுப் புலியை நேரில் பார்த்த வடசென்னைக்காரர்கள் இருந்தால் எழுதுங்கள்

புளியந்தோப்பு பாய்:

அந்த ஜோக்கை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். புளியந்தோப்பிலிருந்து புலி பார்க்கப் போனவன் நான்தான். முகாமில் ஊர் பெயர் கேட்டார்கள், சொன்னேன், நோட்டில் 'புலியந்தோப்பு' என்று எழுதிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை, நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போனது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு, கணக்கெடுப்பில் தன்னார்வலராக. ஆறு நாள் நடந்தேன். ஒரு புலியைக்கூடப் பார்க்கவில்லை. சரி, அப்புறம் எதற்கு எழுதுகிறாய் என்றால், பார்க்காத கதையே நிறைய இருக்கிறது.

ஜீப்பில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். அங்கே வேலையே தரையைப் பார்ப்பது. முதல் மூன்று நாள் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து கால்தடம், எச்சம், பின்னங்காலால் மண்ணைப் பறித்த இடம், மரத்தில் நகக் கீறல், இதையெல்லாம் தேடி போனில் பதிய வேண்டும். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு எச்சத்தைக் குச்சியால் கிளறி, உள்ளே இருந்த முடியைக் காட்டி "கடமானுங்க" என்றார், நம் ஊரில் மீன் கண்ணைப் பார்த்தே நேற்றையதா இன்றையதா என்று சொல்வார்களே, அந்த மாதிரி அலட்டிக்கொள்ளாமல். தடத்தில் நகம் பதிந்திருந்தால் நாய் ஜாதி, பதியாவிட்டால் பூனை ஜாதி என்பதும் அவர் சொல்லிக்கொடுத்தது. புலி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம்.

அடுத்த மூன்று நாள் இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டில் விடியற்காலையில் நடை. வழியில் தெரியும் மான், காட்டுப்பன்றி, காட்டுமாடு எல்லாம் எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்று குறிக்க வேண்டும். புலியை எண்ண வந்துவிட்டு மானை எண்ணுகிறோமே என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். வனவர் சிரித்தார். ஒரு புலிக்கு வருஷத்துக்கு 50 மானாவது வேண்டும், 50 போனாலும் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் 500 இருக்க வேண்டும், அந்த 500-க்கும் புல் வேண்டும், அந்தப் புல்லைத்தான் உண்ணிச்செடி மூடிக்கொண்டிருக்கிறது என்று கையைக் காட்டினார். காட்டினார் என்றால், நான் அதுவரை அடர்ந்த காடு என்று ஆசையாக போட்டோ எடுத்துக்கொண்டிருந்ததே அந்த உண்ணிச்செடிப் புதரைத்தான். கீழே மாயாறு பக்கம் போனால் சீமைக்கருவேலம் வேறு.

நான்காம் நாள்தான் அந்தச் சம்பவம். ஓடை திரும்பும் இடத்தில் சட்டென்று பாசுமதி அரிசி வாசனை. எங்கள் வீடே பிரியாணிக் கடை, அத்தா அரிசி வடிக்கும்போது தேக்சாவிலிருந்து எழும் அந்த ஆவிக்கு நான் தூக்கத்திலும் எழுந்திருப்பேன். நடுக்காட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன், காவலர் கையைப் பிடித்து நிறுத்தினார். பக்கத்து மரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஈரம். புலி தன் எல்லையைக் காட்ட மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்குமாம், அந்த வாசனை அப்படியே பாசுமதிதான், அரிசியில் இருக்கும் அதே வாசனைப் பொருள் அதிலும் இருக்கிறது என்று பிறகு படித்தேன். "அது போயி ரொம்ப நேரம் ஆகலீங்க" என்றார். எங்களைப் பார்த்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நடக்கச் சொன்னார்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கடைக்குள் போகவே ஒரு மாதிரி இருந்தது. அத்தாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

மாதவரம் லாரி:

தம்பி, நான் பார்த்திருக்கிறேன். எண்ணப் போகவில்லை, லோடு ஏற்றிக்கொண்டு போனேன்.

கோயம்புத்தூரில் லோடு பிடித்து, நீ போன அதே சத்தியமங்கலம் காட்டில் திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போவது என் பழைய ரூட். 27 கொண்டை ஊசி வளைவு. நான் கிளீனராக இருந்த காலத்தில் திம்பம் என்றால் வீரப்பன் பயம், அவர் 2004-ல் போனபிறகு யானைப் பயம். ஆசனூர் பக்கம், காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரிக்காக யானை குட்டியோடு நிற்கும். டிரைவர்கள் சிலர் நாலு கரும்பை எடுத்து வீசுவார்கள், புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு. அது மறுநாளும் அங்கேயே நிற்கும், வேறென்ன.

புலியைப் பார்த்தது ஒரே தடவை, ஆசனூர் தாண்டி, கிழக்கு வெளுக்கிற நேரத்தில். முன்னால் போன வேன் நின்றது, நானும் நின்றேன். இடது பக்கப் புதரிலிருந்து வந்தது, ரோட்டின் நடுவில் நின்று எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பியது, போய்விட்டது. ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட இல்லை. அவ்வளவு பெரிய உருவம், ஒரு சத்தம் கிடையாது, என் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கிளீனர் பையன் கதவை உள்ளே பூட்டிவிட்டு ஜன்னலை ஏற்ற மறந்து உட்கார்ந்திருந்தான்.

2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் ராத்திரி போக்குவரத்தை நிறுத்தினார்கள். லாரிக்கு சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை கிடையாது என்றார்கள். அன்றைக்கு நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மலை அடிவாரத்தில் பண்ணாரியில் வரிசையில் கிடந்து தூங்கி, வாரத்துக்கு ஒரு டிரிப் குறைந்து, டியூ கட்ட வட்டிக்கு வாங்கினேன். இப்போதும் அந்த உத்தரவு எனக்கு நஷ்டம்தான், மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உத்தரவுக்கு முன்னால் ஒரு ராத்திரி என் வண்டியில் ஒரு புள்ளிமான் அடிபட்டது. லைட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது, லோடு வண்டியை இறக்கத்தில் எங்கே நிறுத்துவது. இறங்கிப் பார்க்கவில்லை, பயம். சத்தியில் டீ குடிக்கும்போது பம்பரைப் பார்த்தேன். இவர் சொல்கிற 50 மான் கணக்கைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

கொருக்குப்பேட்டை:

வண்டலூரில் பார்த்தது கணக்கில் வருமா அண்ணே? வெள்ளைப் புலி.

புளியந்தோப்பு பாய்:

தலைப்பைப் படி தம்பி.

சூளை தாத்தா:

வண்டலூருக்கு முன்னால் மிருகக்காட்சி சாலை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, தெரியுமா உங்களுக்கு? மூர் மார்க்கெட் பின்னால், பார்க் டவுனில். மியூசியத்துக்கு 'செத்த காலேஜ்', இதற்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். 1985-ல்தான் வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள், அதே வருஷம் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிப்போவார். புலிக் கூண்டு என்றால் இரும்புக் கம்பி, சிமெண்ட் தரை, அவ்வளவுதான். அது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருக்கும். பையன்கள் கடலைத் தோலை எறிவோம், திரும்பிப் பார்க்காது. ராத்திரி டிராம், பஸ் எல்லாம் அடங்கினபிறகு அதன் உறுமல் சூளை வரை கேட்கும் என்று அம்மா சொல்வார்கள், நான் கேட்டதாகத்தான் நினைவு, ஆனால் சின்னப் பையன் ஞாபகத்தை எவ்வளவு நம்புவது. லாரிக்காரர் சத்தமே இல்லாமல் போனது என்று எழுதியதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. தலைப்புக்கு வெளியேதான், மன்னிக்கவும்.

பழைய வண்ணை:

புலி பார்த்ததில்லை, ஆனால் புலி நகம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்தது. தங்கத்தில் பூண் போட்டு, இரண்டு நகம் எதிரெதிராக வைத்த டாலர். காத்து கருப்பு அண்டாது என்று பிறந்த குழந்தைக்கெல்லாம் போடுவார்கள், என் கழுத்திலும் கிடந்த போட்டோ இருக்கிறது. என் மகனுக்குப் போட ஆயா எடுத்துக் கொடுத்தபோது நான் முடியாது என்றேன், வீட்டில் பெரிய சண்டை.

காரணம், 2023 அக்டோபரில் கர்நாடகாவில் டிவி நிகழ்ச்சியில் இருந்த ஒருவரைப் புலி நகம் போட்டிருந்ததற்காகக் கைது செய்தார்களே, அந்தச் செய்திதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியின் நகம், பல், தோல் எது வைத்திருந்தாலும் குற்றம். மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வீட்டில் பழையது இருக்கிறது என்று சொல்லிப் பதிந்துகொள்ள 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னங்கால் ஒன்றுக்கு ஐந்து, பின்னங்கால் ஒன்றுக்கு நான்கு, ஆக ஒரு புலிக்கு 18 நகம், ஒன்பது டாலர். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்தே ஐந்து வீட்டில் டாலர் இருந்தது.

கடைசியில் அப்பா வனத்துறையில் வேலை பார்த்த தன் சிநேகிதர் ஒருவரிடம் பேசி, ஒப்படைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனார். அவர் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக் குளம்பு, செதுக்கிப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள்" என்றாராம். ஆயாவுக்கு இன்றுவரை அவர்மேல்தான் கோபம். குளம்பு என்றால் எனக்கு எப்படிக் காய்ச்சல் இறங்கியது என்று கேட்கிறார், நானும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பூர் பேங்க்:

எல்லாரும் ரசித்து எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாக எழுதப் போகிறேன். 2021-ல் நான் நீலகிரி கூடலூரில் வேலையில் இருந்தேன். டி23 என்று வனத்துறை எண் போட்ட புலி ஞாபகம் இருக்கிறதா? நான்கு பேரைக் கொன்றதாகச் சொன்னார்கள், மாடு எத்தனையோ. மூன்று வாரம், கும்கி யானை, மோப்ப நாய், ட்ரோன், ஆட்கள் என்று தேடினார்கள். சுட வேண்டும் என்று ஊர் மக்கள் மறியல் செய்தார்கள், உயிரோடு பிடிக்க வேண்டும் என்று வேறு சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னையிலிருந்து என் சிநேகிதர்கள் 'புலியைக் காப்பாற்றுங்கள்' என்று ஸ்டேட்டஸ் போட்டார்கள். அந்த வாரம் எங்கள் கிளைக்கு ஒரு அம்மா வந்தார், கடனில் வாங்கிய மாட்டைப் புலி அடித்துவிட்டது, தவணை மட்டும் உயிரோடு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களிடம் ஸ்டேட்டஸைக் காட்டிப் பாருங்கள்.

அக்டோபர் 15 அன்று மசினகுடி பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பெல்லாம் காயம். வயதான ஆண் புலி, இளசு ஒன்று வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் அது ஓரத்துக்குத்தான் தள்ளப்படும், மானைத் துரத்த முடியாமல் மாட்டுக்கு வரும் என்று ஒரு வனக்காப்பாளர் எனக்கு விளக்கினார். மைசூரில் மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். சுடாமல் பிடித்தது சரி என்றுதான் இப்போது எனக்கும் படுகிறது, ஆனால் அந்த மூன்று வாரத்தில் அப்படி நினைக்கவில்லை, நினைத்ததாகப் பொய் சொல்லவும் மாட்டேன்.

தமிழ்நாட்டில் 2006-ல் 76 புலி, 2022 கணக்கில் 306. சத்தியமங்கலத்துக்கு சர்வதேச விருதுகூடக் கொடுத்தார்கள். நல்லது. எண்ணிக்கை கூடக் கூட ஓரத்துக்கு வரும் புலியும் கூடும், அந்த ஓரத்தில் யார் வீடு இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

புளியந்தோப்பு பாய்:

பேங்க் சார், மறுக்க ஒன்றும் இல்லை. எங்கள் முகாமில் களி கிண்டிப் போட்ட காவலரின் வீடும் காட்டு ஓரம்தான். அவருடைய இரண்டு ஆடு சிறுத்தைக்குப் போனதை நான்காம் நாள்தான் சொன்னார், அதுவும் நானாகக் கேட்டதால்.

புழல் ஏரிக்கரை:

நான் எங்கேயும் போனதில்லை, ஆனால் குடிநீர் வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்த்ததால் ஒரு தகவல். கிருஷ்ணா தண்ணீர் பூண்டி வழியாக நம் புழல் ஏரிக்கு வருகிறதே, 1996-ல் இருந்து, அது கிளம்பும் இடம் ஸ்ரீசைலம் அணை. அணையைச் சுற்றி இருப்பது நாகார்ஜுனசாகர் ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம், நாட்டிலேயே பெரியது. நல்லமலைக் காட்டு ஓரமாக வெலுகோடு, சோமசிலா, கண்டலேறு என்று இறங்கித்தான் நம் குழாய்க்கு வருகிறது. வியாசர்பாடியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இதைச் சொன்னால், "முதல்ல தண்ணி வருதான்னு பாரு" என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

மாதவரம் லாரி:

அடுத்த கணக்கெடுப்புக்கு என்னையும் சேர்த்துக்கொள்வார்களா பாய்? 54 வயது, சுகர் இருக்கிறது, ஆனால் நடப்பேன்.

புளியந்தோப்பு பாய்:

மலையில் ஐந்து கிலோமீட்டர் ஏறி இறங்க முடியுமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள் அண்ணே. முடியும் என்றால், காட்டு நிறத்தில் முழுக்கை சட்டை, சத்தம் வராத ஷூ, செண்ட் கூடாது, பீடி கண்டிப்பாகக் கூடாது. அறிவிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

பழைய வண்ணை:

ஆயா கேட்கிறார்: யார் போனாலும் வழியில் நகம் ஏதாவது விழுந்து கிடந்தால் எடுத்து வருவீர்களா? நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.