எல்லாமே 55555-ஆ? யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

பழையவால்வு:
நேற்று வேறொரு இழையில் அலைமகன் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்.

"சிற்றலை கேட்க இன்று ரேடியோவே வேண்டாம். போர்வைக்குள் படுத்தபடி போனில் வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரிசீவரைத் திறந்து ஒரே மாதத்தில் 41 நிலையங்களைக் கேட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் 55555 போட்டு நிலையங்களுக்கு அறிக்கை அனுப்பினேன். கேட்டதை உறுதிசெய்து 17 க்யூஎஸ்எல் அட்டை வந்தாயிற்று. இன்னமும் மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு என் அனுதாபங்கள்."

அனுதாபத்துக்கு நன்றி. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகக் கூரையில் இருக்கும் ஆன்டெனா கேட்டதை இவர் இணையத்தில் கேட்டிருக்கிறார். அதுகூடப் போகட்டும். 41 நிலையத்துக்கும் 55555-ஆ? நிலையம் எப்படிக் கேட்டது என்று ஐந்து எண்களில் மதிப்பிடும் முறைக்குச் சின்போ என்று பெயர், ஒவ்வொன்றிலும் 5 தான் உச்சம். அதில் நாலாவது எண் எதற்கு என்று தெரியுமா? முதல் எண் சிக்னல் வலிமை, இரண்டாவது மற்ற நிலையங்களின் குறுக்கீடு, மூன்றாவது இரைச்சல், நாலாவது அலைபரவல், ஐந்தாவது மொத்த மதிப்பு. நாலாவதில் 5 போட்டால் மங்கலே இல்லை, ஏற்ற இறக்கமே இல்லை என்று பொருள். வானத்தில் உயரே அயனி மண்டலத்தில் வளைந்து இறங்கும் அலை ஆடாமல் அசையாமல் வருமா? 1988-லிருந்து கேட்கிறேன். நாலாவது எண்ணில் நான் 5 போட்டது மொத்தமே இரண்டு தடவை.

அலைமகன்:
ஐயா, என் காதுக்கு ஏற்றமும் கேட்கவில்லை, இறக்கமும் கேட்கவில்லை. கேட்காததை எப்படி எழுதுவது? 17 நிலையங்கள் ஏற்றுக்கொண்டு அட்டை அனுப்பியிருக்கின்றன. உங்களுக்கு மட்டும் எரிகிறது.

பழையவால்வு:
காதுக்குக் கேட்காது தம்பி, அதுதான் விஷயமே. ரிசீவருக்குள் ஏஜிசி என்று ஒரு தானியங்கிக் கட்டுப்பாடு இருக்கிறது. சிக்னல் தாழ்ந்தால் பெருக்கத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். ஒலி ஒரே சீராக இருக்கும். ஆனால் சிக்னல் வலிமையைக் காட்டும் மீட்டர் முள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும். வெப்எஸ்டிஆரிலும் மீட்டர் இருக்கிறது, போர்வையை விலக்கினால் தெரியும். சிக்னல் அடியில் போகும்போது இரைச்சல் மெல்லத் தலைதூக்கும். சில நேரம் ஒலியைச் சுமந்து வரும் கேரியர் அலை மட்டும் மங்கிப்போய், பேசுபவரின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் உடையும். இதெல்லாம் தெரிந்தவன் நாலாவதில் 3 போடுவான், தாராள மனசு இருந்தால் 4. 5 போட மாட்டான்.

நடுநிசி_31மீ:
பழையவால்வு அண்ணே, நாலாவது எண் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் வெப்எஸ்டிஆர் கேட்பவர்களை இளக்காரமாகப் பேசாதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவன் என்ன செய்வான்? போன மாதம் 49 மீட்டர் அலைப்பட்டையில் 5900 முதல் 6200 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரே 'கர்ர்'. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டு மின்சாரத்தை ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பார்த்தேன். எல்லாம் அணைத்த பிறகும் சத்தம் அப்படியே. கம்பிச் சுருள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், சத்தம் அடங்கிய திசையை வைத்துப் பிடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு எல்இடி விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டி. அவர் வீட்டு விளக்கை நான் போய் அணைக்க முடியுமா? அந்த ராத்திரி நானும் ட்வென்டே பக்கம்தான் போனேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழையவால்வு:
நீங்கள் கேட்டது தப்பென்று யார் சொன்னது? 55555 போட்டீர்களா? இல்லையே.

பொறுமைசாலி:
ஒரு சின்ன வேண்டுகோள். 'கேட்பது' என்று இங்கே எதைச் சொல்கிறோம்? ஒலியைக் கேட்பதா, சொந்த ஆன்டெனாவில் பிடிப்பதா? அதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

டிட்டாடிட்:
ஏதோ வானொலி சம்பந்தமாகச் சண்டை என்று ஓடிவந்தேன். பார்த்தால் கேட்பதற்கே இத்தனை அக்கப்போர். தேர்வெழுதி உரிமம் வாங்கி, மோர்ஸ் சாவியைத் தொட்டு, 5 வாட்டில் கடல் தாண்டி ஒருவனைக் கூப்பிட்டு அவன் பதில் சொன்னால் அது பொழுதுபோக்கு. சும்மா காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு மதிப்பெண் வேறா?

பழையவால்வு:
வந்துவிட்டார் உரிமக்காரர். ஐயா டிட்டாடிட், ஹாம்கள் என்கிற உங்களைப் போன்ற உரிமக்காரர்களின் முதல் அட்லாண்டிக் சாதனையே கேட்டவனுடையது. 1921 டிசம்பரில் பால் காட்லி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போய், ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, ஆயிரம் அடிக்கு மேல் கம்பி இழுத்து, குளிரிலும் மழையிலும் உட்கார்ந்து அமெரிக்க ஹாம்களின் மோர்ஸைப் பிடித்தார். அனுப்பியவர்கள் வீட்டில் கதகதப்பாக இருந்தார்கள். கேட்டவர்தான் கூடாரத்தில் நடுங்கினார். போர்வைக்குள் படுத்துக்கொண்டு 55555 போடவில்லை.

அலைமகன்:
ஐயா, காட்லி பிடித்தது சுமார் 230 மீட்டர். 300-ஐ 230-ஆல் வகுத்தால் 1.3 மெகாஹெர்ட்ஸ். அது மத்திய அலை. சிற்றலை விவாதத்தில் மத்திய அலைக் கதையைச் சொல்லி எங்களுக்கு வகுப்பெடுக்கிறீர்களே! யாருக்கு யார் காது குத்துவது?

பழையவால்வு:
அன்றைய கணக்கில் 200 மீட்டரை ஒட்டிய எல்லாமே சிற்றலைதான். 1912-ல் அமெரிக்கச் சட்டம் ஹாம்களை 200 மீட்டருக்கும் அதற்குக் கீழேயும் தள்ளியது, 'உதவாத அலை, வைத்துக்கொள்ளட்டும்' என்று. உதவாத அந்த அலையில்தான் 1923 நவம்பரில் பிரான்ஸின் நீஸிலிருந்து லியோன் தெலுவா அமெரிக்காவோடு நேருக்கு நேர் பேசினார்.

அலைமகன்:
அதுவும் 110 மீட்டர் பக்கம். 2.7 மெகாஹெர்ட்ஸ். சிற்றலை 3-ல்தான் தொடங்குகிறது. அடுத்த கதை?

பழையவால்வு:
கால்குலேட்டர் தட்டத் தெரிகிறது, மீட்டர் முள்ளைப் பார்க்கத் தெரியவில்லை. நாலாவது எண்ணுக்குப் பதில் எங்கே?

சொல்லாய்வன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் 'ஆன்டெனா' என்றே எழுதுகிறீர்கள். 'அலைவாங்கி' என்ற அழகான சொல் இருக்கிறது.

டிட்டாடிட்:
என் ஆன்டெனா அலையை வாங்கவும் செய்கிறது, அனுப்பவும் செய்கிறது. அனுப்பும்போது அதற்குப் பெயர் என்ன, 'அலைகொடுப்பி'யா?

சொல்லாய்வன்:
கிண்டல் செய்வது எளிது. 'அலைவரிசை'யையும் 'அதிர்வெண்'ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களுக்குச் சொல் ஆராய்ச்சி கசக்கத்தான் செய்யும்.

நடுநிசி_31மீ:
இந்த இழையில் 'அலைவரிசை' என்று முதலில் எழுதியதே நீங்கள்தான் ஐயா.

டிட்டாடிட்:
அலைமகனிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டரே கேட்டு, கம்ப்யூட்டரே எழுதி வைத்தால் அதில் நீர் யார்? எங்கள் பக்கத்திலும் எஃப்டி8 என்று, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் ஒரு வியாதி வந்திருக்கிறது. 15 வினாடிக்கு ஒரு முறை பெட்டி விசில் அடிக்கும், திரையில் பெயர் விழும். இவர்கள் நூறு நாடு பிடித்தேன் என்று மார் தட்டுவார்கள். மோர்ஸ் கட்டாயம் என்ற விதியை 2003-ல் உலக வானொலி மாநாடு தளர்த்திய அன்றே இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

பாதிவாட்:
எஃப்டி8-ஐ உருவாக்கியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர். 1993-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். அவரும் ஹாம்தான். அவரைவிட உங்களுக்கு வானொலி தெரியுமா? உங்கள் காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கிற இடத்திலிருந்து அது செய்தியை எடுத்துக் கொடுக்கிறது. அந்த வயிற்றெரிச்சல்தான் இது.

டிட்டாடிட்:
பாதிவாட் பேசக் கூடாது. என்னிடம் ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் 9:1 டிரான்ஸ்ஃபார்மரை 'ஒரு வாரம்' என்று வாங்கிப்போனவர், எட்டு மாதம் கழித்து ஃபெரைட் வளையத்தில் விரிசலோடு திருப்பிக் கொடுத்தார். கேட்டதற்கு 'வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்றார். அந்த வாய்தான் இப்போது நோபல் பற்றிப் பேசுகிறது.

பாதிவாட்:
விரிசல் முதலிலேயே இருந்தது. சுற்றும் எட்டரைதான் இருந்தது, ஒன்பது இல்லை.

டிட்டாடிட்:
9:1 என்றால் ஒன்பது சுற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் மேதை. அது மின்மறுப்பு விகிதம். சுற்றுகளின் விகிதம் 3:1. இவருக்குப் போய்க் கொடுத்தேனே!

பொறுமைசாலி:
'கேட்பது' என்றால் என்ன என்று...

பழையவால்வு:
டிரான்ஸ்ஃபார்மர் பஞ்சாயத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. அறிக்கை என்பது அட்டை வாங்குவதற்கான விண்ணப்பம் இல்லை. அனுப்பும் நிலையத்தின் பொறியாளருக்குத் தன் அலை எங்கே எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும். ட்வென்டேயில் எப்படி விழுகிறது என்று அவரே அந்தத் தளத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார், அது 2008-லிருந்து இருக்கிறது. அலைமகன் தன் வீட்டு முகவரியைப் போட்டு, ட்வென்டேயில் கேட்டதை எழுதி, அதற்கும் 55555 போட்டால் அந்த மனிதர் எதை நம்பி அடுத்த பருவத்துக்கு அதிர்வெண் திட்டம் போடுவார்? அதிலும் நாலாவது எண்ணில் 5!

அலைமகன்:
முகவரி அட்டை வந்து சேர்வதற்கு. 'தொலைநிலை ரிசீவர் வழியாக' என்று மூன்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

பழையவால்வு:
மூன்று! மீதி 38?

அலைமகன்:
ஐயா, செத்துக்கொண்டிருக்கிற வீட்டில் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று சண்டை போடுகிறீர்கள். ஸ்விஸ் வானொலியின் சிற்றலை 2004-ல் போயிற்று. நெதர்லாந்து, கனடா வானொலிகளும் 2012-ல் சிற்றலையை மூடின. ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-ல் சிற்றலையை அணைத்தது. நாலு பேர் எந்த வழியிலாவது கேட்கட்டுமே என்று சந்தோஷப்பட வேண்டாமா?

பழையவால்வு:
பாடை கட்டுவதற்கு முன் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 2022 மார்ச் 1-ம் தேதி கீவ் நகரத் தொலைக்காட்சிக் கோபுரத்தின் மீது குண்டு விழுந்தது. அந்த வாரமே பிபிசி 15735, 5875 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் எடுத்து உக்ரைனுக்குத் தினம் நாலு மணி நேரம் செய்தி அனுப்பத் தொடங்கியது. பகலுக்கு மேல் அதிர்வெண் ஒன்று, ராத்திரிக்குக் கீழ் அதிர்வெண் ஒன்று. ஏன் தெரியுமா? பகலில் அயனி மண்டலத்தின் அடியில் இருக்கும் டி அடுக்கு கீழ் அதிர்வெண்களை விழுங்கிவிடும், பொழுது சாய்ந்தால் அது கலைந்துபோகும். இணையம் அறுந்த ஊரில் உங்கள் வெப்எஸ்டிஆர் என்ன செய்யும்? மாடியில் கட்டிய கம்பிதான் பேசும்.

அலைமகன்:
போர் வந்தால் கம்பி கட்டிக்கொள்கிறேன்.

பழையவால்வு:
அன்றைக்கும் 55555 போடுவீர்கள்.

நடுநிசி_31மீ:
அண்ணே, ஒரு சந்தேகம். நிலையம் பக்கத்து நாட்டில், 500 கிலோவாட், அயனி மண்டலத்தில் ஒரே தாவலில் வந்து விழுகிறது என்றால் நாலாவதில் 5 வராதா? நீங்களே இரண்டு தடவை போட்டதாகச் சொன்னீர்கள்.

பழையவால்வு:
நான் போட்ட இரண்டும் அரை மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து போட்டது. குறிப்பேடு இருக்கிறது. இரண்டில் ஒன்றைப் பிறகு 4 என்று திருத்தினேன்.

அலைமகன்:
அப்படியானால் ஒரு தடவைதான். கணக்கு மாறுகிறதே ஐயா?

பழையவால்வு:
போட்டது இரண்டு. திருத்தியது ஒன்று. தமிழ் புரிகிறதா?

புதுக்காது:
எல்லோருக்கும் வணக்கம். நான் போன வாரம்தான் கையடக்கச் சிற்றலை ரேடியோ ஒன்று வாங்கினேன். ராத்திரி 31 மீட்டரில் ஏதேதோ மொழிகள் வருகின்றன. நேற்று ஒரு பாட்டு மெல்ல மேலே வந்து, ஒரு நிமிடம் தெளிவாகக் கேட்டு, அப்படியே கீழே போய்விட்டது. பெயர் சொல்வார்கள் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், சொல்லவே இல்லை. வெளியே கம்பி கட்டினால் நன்றாகக் கேட்குமா? எத்தனை மீட்டர் வேண்டும்?

பழையவால்வு:
பார்த்தீர்களா அலைமகன், வாங்கி ஒரு வாரம் ஆன பிள்ளைக்கு மங்கல் தெரிந்திருக்கிறது!

டிட்டாடிட்:
புதுக்காது, 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துக்கொள். 31 மீட்டருக்கு 9.6 என்று வைத்தால் 14.9 மீட்டர். நடுவில் வெட்டி இருமுனை ஆன்டெனாவாகக் கட்டு.

நடுநிசி_31மீ:
கேட்பதற்கு இவ்வளவு கணக்கெல்லாம் வேண்டாம் தம்பி. ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டு மீட்டர் ஏதாவது கம்பி போதும். வீட்டு மின் ஒயரிலிருந்து தள்ளிக் கட்டு. இடி மின்னல் என்றால் கழற்றிவிடு.

டிட்டாடிட்:
'ஏதாவது கம்பி'! இதனால்தான் உங்களுக்குப் பக்கத்து வீட்டு விளக்கு கேட்கிறது.

பாதிவாட்:
9:1 ஒன்று போட்டால் எந்த நீளமும் ஓடும்.

டிட்டாடிட்:
உம்மிடம் கொடுக்காமல் இருந்தால் ஓடும்.

பழையவால்வு:
இரண்டு பேரும் பிள்ளையைக் கெடுக்காதீர்கள். கையடக்க ரேடியோவில் நீளக் கம்பி மாட்டினால் அதன் முன்பகுதி அத்தனை சிக்னலையும் தாங்காமல் திணறும், ஒரே நிலையம் நாலு இடத்தில் முளைக்கும். அதை நாலு நாடு என்று எண்ணி நாலு அறிக்கை அனுப்ப இங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

அலைமகன்:
இன்று 18-வது அட்டை வந்தது. அட்டையில் '55555-க்கு நன்றி' என்று அவர்களே கையால் எழுதியிருக்கிறார்கள்.

பழையவால்வு:
நன்றி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சரி என்று எழுதவில்லை.

புதுக்காது:
அண்ணே, அப்படியானால் கம்பி எத்தனை மீட்டர்?

பழையவால்வு:
சொல்கிறேன் தம்பி, கொஞ்சம் பொறு. முதலில் இவர் அந்த நாலாவது எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.