தண்டுவடம் அடிபட்ட பிறகு தொற்று வந்தவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

செங்கோட்டை மருமகன்:
மாமா தென்னையிலிருந்து விழுந்து கழுத்தில் முறிவு, சி6, அதாவது கழுத்தின் ஆறாவது எலும்பு. ஆபரேஷன் முடிந்து வலது மணிக்கட்டை லேசாகத் தூக்க ஆரம்பித்திருந்தார். அந்த நேரம் பார்த்து நிமோனியா. வயிற்றுத் தசை வேலை செய்யாததால் அவரால் இருமிச் சளியைத் துப்ப முடியாது. அவர் இரும முயலும்போது நாங்கள் மேல்வயிற்றில் கை வைத்து உள்ளேயும் மேலேயும் ஒரு அழுத்து அழுத்துவோம், அப்போதுதான் தொண்டைக்கு வரும். காய்ச்சல் விட்ட பிறகு உட்கார வைத்தாலே தலைசுற்றல், படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிற டில்ட் டேபிளில் மறுபடி முதலிலிருந்து. மணிக்கட்டும் அங்கேயே நிற்கிறது. தொற்றுதான் காரணமா?

பிசியோ தம்பி:
ஒருவரை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது அண்ணே. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். 2012இல் ‘பிரெய்ன்’ இதழில் வந்த அமெரிக்க நோயாளிகள் பற்றிய ஆய்வில், நிமோனியாவோ அறுவைக் காயத்தில் தொற்றோ வந்தவர்களுக்குத் தசை வலு திரும்பியது மற்றவர்களைவிடக் குறைவு. தண்டுவடம் அடிபட்டாலே உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துவிடும். வலு வேகமாகத் திரும்புகிற முதல் மாதங்களில்தான் தொற்றும் அதிகம் வருகிறது. மாமாவுக்குப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகும் முன்னேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீல்சேர் வாத்தியார்:
எனக்கு டி5, அதாவது முதுகில் மார்புப் பகுதியின் ஐந்தாவது எலும்பில் அடி. சிறுநீரில் தொற்று வந்தால் எரிச்சலெல்லாம் தெரியாது, உணர்ச்சியே இல்லையே! முதலில் கால் வெட்டி வெட்டி இழுக்கும், பெல்ட் போடாவிட்டால் வீல்சேரிலிருந்து சறுக்கிவிடுவேன். சில சமயம் மண்டை இடிக்கும், முகம் சிவந்து நெற்றியில் வியர்வை கொட்டும். உள்ளூர் கிளினிக்கில் ஒருமுறை “உங்களுக்கு பிபி” என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். டி6இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தாலோ தொற்று வந்தாலோ பிபி எகிறும், அது ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, மூத்திர டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கணும். அப்படியும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன், என் பெண்ணுக்கும் தெரியும்.

ஈரோட்டு அக்கா:
எங்கள் வீட்டுக்காரருக்குப் படுக்கைப்புண், இடுப்புக்குக் கீழே வால் எலும்பில். காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிப் பட்டை) போட்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தவர், புண்ணில் சீழ் வைத்ததும் குப்புறப் படுத்தே கிடந்தார். புண் ஆறுவதற்குள் முட்டி மடக்கினபடியே இறுகிவிட்டது. இப்போது அதை நீட்டவே தனி பிசியோ. அப்புறம் ஒரு சந்தேகம்: யூரின் டெஸ்டில் கிருமி என்று வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, வேறு தொந்தரவும் இல்லை. மாத்திரை வேண்டுமா?

பிசியோ தம்பி:
டியூப் போடுகிற பெரும்பாலானவர்களுக்குக் கிருமி தெரியத்தான் செய்யும் அக்கா. தொந்தரவு இல்லாவிட்டால் பொதுவாக மருந்து தருவதில்லை. அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நிஜமாகத் தேவைப்படும்போது அது கேட்காது. ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள், காய்ச்சலோ புதிதாகக் கால் இழுப்போ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.