விசிறி மூட மாட்டேங்குது, சனிக்கிழமை அரங்கேற்றம்!

சலங்கைஅம்மா: பொண்ணோட பரதநாட்டிய டிரஸ் நானே தைச்சது. முழங்காலை மடக்கி அரைமண்டியில உட்கார்ந்தா, முன்னால மடிப்பு மடிப்பா தொங்குற விசிறி அழகா விரியுது, நிமிர்ந்தா மூடல. தொளதொளன்னு தொங்குது. மூணு தடவை அயர்ன் பண்ணியாச்சு. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

ஊசிநூல்: என்ன துணி? மடிப்பு எத்தனை இன்ச்? லைனிங் உண்டா?

கடைவீதிடெய்லர்: துணி பத்தியிருக்காதுங்க. ஒரே பக்கமா மடிக்கிற நைஃப் பிளீட்டுக்கு மூணு மடங்கு துணி வேணும். 12 இன்ச் விசிறின்னா 36 இன்ச். நம்மாளுங்க முந்தானை வீணாகுதேன்னு ரெண்டரைல நிறுத்திடுவாங்க.

கேன்வாஸ்ராணி: உள்ளே விறைப்பா நிக்க கேன்வாஸ் துணி வைங்க. கம்முனு நிக்கும்.

ஊசிநூல்: போன மாசம் கழுத்து சுருங்குதுன்னு வந்தவங்களுக்கும் இதேதான் சொன்னீங்க 🙂

மூத்ததையல்: இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று. தேடிப் பார்க்கும் வழக்கமே போய்விட்டது. நாட்டிய உடை தைக்கத் தனிக் கைப்பழக்கம் வேண்டும் அம்மா, ஜாக்கெட் தைப்பது போல அல்ல.

சலங்கைஅம்மா: பட்டுதான். 1 இன்ச் மடிப்பு. துணி மூணு மடங்கு இருக்கு. லைனிங் காட்டன்.

ஊசிநூல்: அசல் பட்டா? ஓரத்துல ஒரு இழை உருவிக் கொளுத்துங்க. முடி கருகுற நாத்தம், நசுங்குற சாம்பல்னா பட்டு. உருகி மணியா இறுகினா பாலியெஸ்டர்.

காஞ்சிக்காரன்: அரங்கேற்றத்துக்குப் போய் பாலியெஸ்டரா! கொடுமை.

கடைவீதிடெய்லர்: பட்டு விலை நீங்க தர்றீங்களா சார்? மெஷின்ல சூடு வச்சு மடிச்ச பாலியெஸ்டர் துவைச்சாலும் கலையாது.

காஞ்சிக்காரன்: தைச்ச விசிறியே பிற்காலத்து ஏற்பாடு. புடவையைக் கட்டி ஆடினப்ப இந்தத் தொல்லை ஏது?

கடைவீதிடெய்லர்: அப்ப மடிப்பு கலைஞ்சா மேடையிலயே சொருகிக்கணும். அது தொல்லை இல்லையா?

சலங்கைஅம்மா: முடி நாத்தம்தான். ஒத்திகையில குங்குமம் கொட்டிச்சுன்னு ஒரு தடவை தண்ணியில அலசினேன். அதுவா இருக்குமா?

ஊசிநூல்: அட, அதை முதல்ல சொல்லக்கூடாதா! பட்டுல அழுத்தின மடிப்பு நனைஞ்சா போயிடும். லைனிங்கை நனைச்சுக் காயவச்சு வெட்டினீங்களா? இல்லேன்னா அது சுருங்கிப் பட்டை மேலே இழுக்குது, எத்தனை அயர்ன் போட்டாலும் மூடாது. கீழ் ஓரத்துல லைனிங்கைப் பிரிச்சு விடுங்க. மடிப்பைப் பழைய கோட்டுலயே அடுக்கி, பெரிய பெரிய தையலா நூல் ஓட்டிக்கோங்க. நல்லாப் பிழிஞ்ச மல்துணியை மேலே போட்டு, பின்பக்கமா அழுத்துங்க, தேய்க்காதீங்க. தண்ணி நேரா தெளிச்சா திட்டு விழும். சூடு ஆறாம கையில எடுத்தா அத்தனையும் வீண். ராத்திரி முழுக்க மேலே கனமா ஏதாவது வைங்க. ஓட்டின நூலை மேடை ஏறுறப்ப உருவினாப் போதும்.

கேன்வாஸ்ராணி: இல்ல, பின்னால குறுக்கே ஒரு நாடா அடிச்சிருங்க.

கடைவீதிடெய்லர்: நாடா அடிச்சா அப்புறம் விசிறி எங்கேம்மா விரியும்?

மூத்ததையல்: லைனிங் என்றுதான் நானும் நினைத்தேன்.

சலங்கைஅம்மா: லைனிங்தான். பிரிச்சதும் பாதி சரியாச்சு, இப்ப மூடுது. ஓரத்து மடிப்பு ஒண்ணு மட்டும் அடம். மேக்கப்காரங்க வந்துட்டாங்க, அப்புறம் வர்றேன்.

ஊசிநூல்: படம் போடுங்க.