குடும்பக் குழுவில் குமரனின் குறுக்குவில்

குமரன்: [படம்]
மாமா, வில் வந்துவிட்டது! 175 பவுண்டு இழுவிசை. கூடவே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் தூரத்துக்கு ஒன்றாக 20, 30, 40, 50 என்று நான்கு கோடுகள். வேட்டைப் பருவம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

மாமா: படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார். உன் இடது கைக் கட்டைவிரல் எங்கே இருக்கிறது?

குமரன்: பிடியில்தான் மாமா. நுனி மட்டும் கொஞ்சம் மேலே தெரிகிறது.

மாமா: அந்தக் கொஞ்சம்தான் நாண் ஓடும் பாதை. விசையை அழுத்திய பிறகு நாண் முழுத் தூரத்தையும் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது. விரலை எடுக்க உனக்கு நேரமே கிடைக்காது, நுனி போய்விடும். நான்கு விரலும் கட்டைவிரலும் எப்போதும் அம்பு படுக்கும் பள்ளத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அம்பில்லாமல் சும்மா தோளில் வைத்துப் பார்க்கும்போதும் அப்படியே பிடி. கை பழகிவிடும்.

சித்தி: அண்ணா, படிக்கும்போதே எனக்குப் பகீரென்கிறது. இது இவனுக்குத் தேவையா?

மாமா: பயப்படாதே. இதைச் சொல்லிக்கொடுக்க யாராவது இருந்தால் பாதுகாப்பாகப் பழகலாம். நான் இருக்கிறேன்.

செல்வி அக்கா: முதலில் சட்டத்தைப் பார்த்தாயா குமரா? இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. பிரிட்டனில் குறுக்குவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 1981 சட்டப்படி அதை வைத்துக் காட்டு விலங்கை வேட்டையாட முடியாது. அனுமதிக்கும் நாடுகளிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

குமரன்: பார்த்துவிட்டேன் அக்கா. இங்கே மானுக்கு அனுமதி உண்டு. பாதுகாப்பு வகுப்பு முடித்து உரிமமும் வாங்கிவிட்டேன்.

செல்வி அக்கா: எந்த வகை முனை, குறைந்தது எத்தனை பவுண்டு, எந்த நிறச் சட்டை, எத்தனை மணி வரை என்பதையும் படித்துக்கொள். "வேட்டைக்கு அனுமதி உண்டு" என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதே.

குமரன்: சரி அக்கா.
மாமா, இந்த 50 கோட்டுக்கு எத்தனை நாளில் போகலாம்? துப்பாக்கி மாதிரியே தோளில் பதிந்து நிற்கிறது, சுலபமாக வந்துவிடும் போலிருக்கிறதே.

மாமா: அந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். தோளில் வைக்கிறோம், ஸ்கோப் இருக்கிறது, விசை இருக்கிறது, சரி. ஆனால் பறப்பது தோட்டா இல்லை, அம்பு. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும். உன் அம்பு 100 மீட்டர் போனால் நல்ல வேகம். கணக்குப் போட்டுப் பார்: 20 மீட்டரை அடைவதற்குள் அது 20 செ.மீ. கீழே இறங்கியிருக்கும். 30 மீட்டரில் 44 செ.மீ., 40 மீட்டரில் 78, 50 மீட்டரில் 122. காற்றின் தடையைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

குமரன்: அதற்காகத்தானே மாமா கோடுகள் போட்டிருக்கிறார்கள்?

மாமா: கோடு சரிதான். ஆனால் தூரம் உனக்குத் துல்லியமாகத் தெரிந்தால்தான் கோட்டுக்குப் பயன். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய 20 முதல் 25 செ.மீ. வட்டம். 40 மீட்டர் என்று நினைத்து எய்கிறாய், மான் உண்மையில் 45 மீட்டரில் நிற்கிறது. அம்பு 11 செ.மீ. தாழ்ந்து போகும். அது வட்டத்தின் ஓரம், கை இன்னும் கொஞ்சம் தவறினால் காலிலோ வயிற்றிலோதான். அதே 5 மீட்டர் தவறு 20 மீட்டரில் நடந்தால் 6 செ.மீ. மட்டுமே. அதனால் தூரமானி இல்லாமல் காட்டுக்குப் போகாதே. உட்கார்ந்த உடனே சுற்றியிருக்கும் மரம், பாறை எல்லாவற்றின் தூரத்தையும் அளந்து வைத்துக்கொள்.

மாமா: இன்னொன்று. உன் ஸ்கோப்பின் கோடுகள் கஜக் கணக்காக இருக்கலாம். 40 கஜம் என்றால் 36.6 மீட்டர். தூரமானி மீட்டரில் காட்டி, கோடு கஜத்தில் இருந்தால் ஒவ்வொரு அம்பும் தப்பும். கையேட்டைப் பார்த்து இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்று.

குமரன்: ஆமாம் மாமா, கஜம்தான் போட்டிருக்கிறது. இப்போதே மாற்றுகிறேன்.

செல்வி அக்கா: மாமா, வில்லுக்குச் சத்தமும் உண்டே. மான் கேட்டுவிடாதா?

மாமா: நல்ல கேள்வி செல்வி. ஒலி நொடிக்கு 340 மீட்டர் ஓடும். 30 மீட்டரில் நிற்கும் மானுக்குச் சத்தம் 0.09 நொடியில் போய்விடும், அம்பு போய்ச்சேர 0.3 நொடி ஆகும். நடுவில் இருக்கும் அந்த 0.2 நொடியில் மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும். நீ குறிவைத்த இடத்தில் அப்போது மான் இருக்காது. வேகமான வில் வாங்கினாலும் ஒலியை முந்த முடியாது. பக்கத்தில், அமைதியாக மேயும் விலங்கு என்றால் மட்டும் எய். காதை விறைத்துக்கொண்டு உன் பக்கம் பார்த்தால் விசையைத் தொடாதே.

குமரன்: வேகத்துக்காக லேசான அம்பு வாங்கலாம் என்று நினைத்தேன்...

மாமா: கூடவே கூடாது! வில்லின் ஆற்றல் அம்புக்குள் போக வேண்டும். அம்பு லேசாக இருந்தால் மிச்ச ஆற்றல் வில்லின் கைகளுக்கும் (இரு பக்கமும் வளையும் பகுதிகள்) நாணுக்குமே திரும்பும். அம்பே இல்லாமல் விசையை அழுத்துவது இதன் உச்சம், வில்லின் கைகள் பிளந்து துண்டு துண்டாகத் தெறிக்கும். அதைத் தடுக்க உள்ளே ஒரு பூட்டு இருக்கும், ஆனாலும் அதை நம்பி விளையாடாதே. கையேட்டில் குறைந்தபட்ச அம்பு எடை போட்டிருப்பார்கள். முனையோடு சேர்த்து 400 கிரெயின், அதாவது 26 கிராம் பக்கம் இருந்தால் பல வில்களுக்குப் பொருந்தும். உன் வில்லுக்குப் போட்டிருக்கும் எண்தான் உனக்குச் சட்டம். நீளமும் அப்படியே.

மாமா: அம்பின் பின்முனையில் நாண் உட்காரும் 'நாக்' (nock) என்ற துண்டையும் பார். தட்டையானது, பிறை வடிவம், நாணைக் கவ்வுவது என்று வகைகள் உண்டு. உன் வில்லுக்குச் சொன்ன வகையை மட்டும் போடு. வேறு வகை போட்டால் நாண் அம்பின் மேலே ஏறியோ கீழே நழுவியோ போகலாம். அப்போது அம்பு இருந்தும் இல்லாத கதைதான். மூன்று இறகில் ஒன்று வேறு நிறமாக இருக்கும், அது பள்ளத்துக்குள் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

குமரன்: நாண் ஏற்றுவது? நேற்று கையாலேயே இழுத்துவிட்டேன்.

மாமா: அதற்கென்று கயிறு கொடுத்திருப்பார்களே, அதைப் பயன்படுத்து. பாரம் பாதியாகும். அதைவிட முக்கியம், நாண் நடுவாக வரும். கையால் இழுத்தால் ஒரு பக்கம் இரண்டு மி.மீ. கூடிவிடும், அம்பு இடமோ வலமோ ஓடும். நீ ஸ்கோப்பைத் திருகித் திருகி அலுத்துப்போவாய். நாண் தளர்ந்திருக்கும்போது பள்ளத்தின் இரு ஓரத்திலும் நாணில் பேனாவால் குறி போட்டுவை. ஏற்றிய பின் இரண்டு குறியும் ஒரே மாதிரி நிற்கிறதா என்று பார்.

குமரன்: ஏற்றிவிட்டு எய்யாமல் வீடு திரும்பினால்?

மாமா: மழுங்கிய முனையுள்ள பழைய அம்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள். மென்மையான மண்ணிலோ குறிப்பலகையிலோ பக்கத்தில் நின்று எய்து இறக்கு. இறக்கும் வசதியுள்ள கைப்பிடிச் சக்கரம் உன் வில்லில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். கையால் நாணைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தி இறக்க ஒருநாளும் முயலாதே. ஏற்றிய வில்லோடு வண்டியிலும் ஏறாதே.

சித்தி: மரத்தில் மேடை கட்டி உட்காருவார்களாமே, அதுவும் உண்டா?

மாமா: உண்டு. தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே உடல் முழுவதையும் பிடிக்கும் வார்ப்பட்டி மாட்டியிருக்க வேண்டும், இறங்கித் தரை தொடும்வரை கழற்றக் கூடாது. வில்லை நாண் ஏற்றாமல், அம்பில்லாமல், கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். மேலே போனதும் வில்லின் இரு கைகளும் விரிய இடம் இருக்கிறதா என்று பார், கிளையில் இடித்தால் வில்லும் போகும், ஆளும் தடுமாறுவான். முதல் வருடம் தரையில் மறைவிடத்திலேயே உட்காரட்டும் என்பது என் எண்ணம்.

சித்தி: அப்படியே செய்யட்டும் அண்ணா. கேட்டாயா குமரா?

குமரன்: கேட்டேன் சித்தி. தரைதான்.
மாமா, பயிற்சியை எப்படி வைத்துக்கொள்வது?

மாமா: 10 மீட்டரில் தொடங்கு. அங்கே பலகையில் நடுவுக்குப் பக்கத்தில் விழ ஆரம்பித்ததும் 20 கஜம் போ, மேல் கோட்டைச் சரிசெய். ஒரே புள்ளியில் மூன்று அம்பு எய்யாதே, இரண்டாவது அம்பு முதல் அம்பைப் பிளந்துவிடும். மூன்று புள்ளி வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மற்ற கோடுகள் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்காதே, அவை ஏதோ ஒரு வேகத்துக்குப் போட்டவை. ஒவ்வொன்றையும் எய்து பார். பலகைக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், தப்பிய அம்பு நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். எய்த அம்பை மறுபடி எடுக்கும்போது மெதுவாக வளைத்துப் பார். விரிசல் சத்தம் கேட்டால் உடைத்துப் போட்டுவிடு. நாணுக்கு மெழுகு, பள்ளத்துக்கு எண்ணெய், எத்தனை அம்புக்கு ஒருமுறை என்பது கையேட்டில் இருக்கும்.

மாமா: கடைசி இரண்டு வாரம் வேட்டை முனையை மாட்டிப் பழகு. பயிற்சி முனை போகும் இடத்துக்கு அது போகாது. சவரக்கத்தி மாதிரிக் கூர்மை, அதற்கான சாவியால் மட்டும் மாட்டு, மூடிய தூணியில் வை.

செல்வி அக்கா: விலங்கு எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும்?

மாமா: முழுப் பக்கவாட்டில், அல்லது பின்பக்கம் உன் பக்கமாகச் சற்றே சாய்ந்து. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி. சாய்ந்து நின்றால் அம்பு மறுபக்கத்து முன்காலை நோக்கி வெளியேறுவது போல வை. நேராக உன்னைப் பார்த்து நின்றாலும், முழுவதும் புறம் காட்டினாலும் எய்யாதே. அம்பு தோட்டா மாதிரி அதிர்ச்சியால் வீழ்த்தாது, இரத்தம் இழக்கச் செய்துதான் கொல்லும். இடம் தப்பினால் அந்த உயிர் மணிக்கணக்கில் துடிக்கும். நான் தூரம் தூரம் என்று இத்தனை சொல்வது அதற்காகத்தான்.

குமரன்: எய்த பிறகு உடனே ஓடிப் பார்க்கலாமா?

மாமா: உட்கார்ந்த இடத்திலேயே இரு. எந்த மரத்தருகே மறைந்தது என்று மனத்தில் குறித்துக்கொள். பிறகு அம்பைத் தேடிப் பார். நுரையோடு இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறு. கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், நான்கு முதல் ஆறு மணி நேரம். பச்சையோ பழுப்போ படிந்து நாற்றம் வந்தால் வயிறு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டால் படுத்திருக்கும் விலங்கு எழுந்து ஓடும், பிறகு கிடைக்காது. காயப்படுத்தியதைத் தேடிக் கண்டுபிடிப்பது உன் கடமை.

செல்வி அக்கா: வேட்டை இல்லாமல் குறி பார்த்து எய்வது மட்டும் என்றால் நானும் கற்றுக்கொள்வேன் மாமா.

மாமா: தாராளமாக! அது தனி விளையாட்டு. 1956இல் தொடங்கிய சர்வதேசக் குறுக்குவில் சங்கம் போட்டிகள் நடத்துகிறது. 10 மீட்டர், 30 மீட்டர் எல்லாம் உண்டு. அந்த வில் வேறு, வேட்டை வில் வேறு. பக்கத்தில் சங்கம் இருந்தால் அங்கே போய்ப் பழகு.

சித்தி: அண்ணா, நேராகக் கேட்கிறேன். இவன் இந்த வருடம் காட்டுக்குப் போகலாமா?

மாமா: அதை அவன் எய்யும் முதல் அம்பு சொல்லட்டும். கை சூடேறிய பிறகு எய்யும் பத்தாவது அம்பு இல்லை, காலையில் எடுத்ததும் எய்யும் முதல் அம்பு. வேட்டை முனை மாட்டி, உட்கார்ந்து ஒருநாள், மண்டியிட்டு ஒருநாள், மூச்சு வாங்க நடந்து வந்து ஒருநாள். எல்லா நாளும் 10 செ.மீ. வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுவே அவன் எல்லை. 25 மீட்டர் என்றால் 26இல் நிற்கும் மானைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும். எல்லையே கிடைக்காவிட்டால் அடுத்த வருடம்.

குமரன்: சரி மாமா. ஞாயிறு காலை முதல் அம்பின் படத்தை இங்கே போடுகிறேன்.

மாமா: போடு. பலகை மட்டும் போதாது, நீ வில் பிடித்திருக்கும் கையும் தெரியட்டும்.