ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓபெத்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

சாந்தி சித்தி: ஞாயிறு 10.30க்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. பஜ்ஜி, கேசரி. எல்லாரும் 9க்கே வந்துடுங்க

திவ்யா: கார்த்தி அண்ணா, அவருக்கு ஓபெத்னா உயிராம். 14 ஆல்பம் இருக்கு. எதுல ஆரம்பிக்க?

பெரியப்பா: அது எந்த ஊரு

கார்த்தி: ஊரு இல்ல பெரியப்பா, ஸ்டாக்ஹோம் மெட்டல் பேண்டு. திவ்யா, 1995 ஆர்க்கிட்ல இருந்து வரிசையாப் போகாத. அடுத்த மார்னிங்ரைஸ்ல மொத்தமே 5 பாட்டு, அதுல ஒண்ணு 20 நிமிஷம். புதுசாக் கேக்குறவங்க அங்கயே ஓடிடுவாங்க. 2003 டேம்னேஷன் முதல்ல. 43 நிமிஷம்தான், க்ரௌலே கிடையாது

மீனா அத்தை: கேசரி வேணாம் சாந்தி. ரமா நிச்சயத்துல கட்டி கட்டியா இருந்துச்சு

சாந்தி சித்தி: அன்னிக்குக் கிண்டினது யாரு அண்ணி

மீனா அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கார்த்தி: அடுத்து 2001 பிளாக்வாட்டர் பார்க். போர்க்குபைன் ட்ரீ பேண்டோட ஸ்டீவன் வில்சன் கூட இருந்து தயாரிச்சது. அதுல முதல்ல ஹார்வெஸ்ட் கேளு, மென்மையா இருக்கும். அப்புறம் தி ட்ரேப்பரி ஃபால்ஸ், 10 நிமிஷத்துக்கு மேல. சாதாரணக் குரலும் க்ரௌலும் மாறி மாறி வரும். ரெண்டுமே மிகேல் ஓக்கர்ஃபெல்ட்தான்

பெரியப்பா: க்ரௌல்னா

விக்கி: உறுமுற குரல். நீங்க காலைல பேப்பர்காரனைக் கூப்பிடுறது

பெரியப்பா: பையன் நல்லவன்தானே? விசாரிச்சீங்களா

திவ்யா: மெதுவா இருக்குன்னு சத்தம் கூட்டினேன், திடீர்னு காதே போச்சு

கார்த்தி: சத்தத்தைக் கனமான இடம் வர்றப்ப சரிபண்ணிட்டு அப்படியே விட்டுடு, அமைதியான இடத்துல கூட்டாத. போன் ஸ்பீக்கர் வேணாம், பேஸ் காணாமப் போயிடும், கிட்டார் வெறும் இரைச்சலாக் கேக்கும். ஹெட்செட் போடு. ஷஃபிளை ஆஃப் பண்ணு. க்ராஸ்ஃபேடை 0ல வை, இல்லாட்டி ஒரு பாட்டோட முடிவு அடுத்ததுல கலந்துடும்

கார்த்தி: மூணாவது 2005 கோஸ்ட் ரெவரீஸ். முதல் பாட்டு சில விநாடி மெதுவா வந்து சட்டுனு க்ரௌல் இறங்கும், சித்தி தூங்கும்போது வெளிய போடாத. நேரம் இருந்தா 1999 ஸ்டில் லைஃப்: ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன் காதலியைத் தேடித் திரும்பி வர்ற கதை. இன் காடா வெனெனம் ஆல்பம் ஆப்ல ரெண்டு தடவை காட்டும், ஒண்ணு சுவீடிஷ், ஒண்ணு இங்கிலீஷ். இசை ஒண்ணுதான், ஒண்ணு கேட்டாப் போதும்

விக்கி: இவ்வளவு எதுக்கு? பழைய ஓபெத்தா புது ஓபெத்தான்னு கேளு. அவரே ஒரு மணி நேரம் பேசுவாரு

கார்த்தி: அதுவும் சரிதான். 2011 ஹெரிடேஜ்ல இருந்து 2019 வரைக்கும் 4 ஆல்பத்துல க்ரௌல் இல்ல. 2024ல வந்ததுலதான் திரும்ப வந்துச்சு. நடுவுல வந்தது மெட்டலே இல்லன்னு விக்கி மாதிரி ஆளுங்க சொல்லுவாங்க. அதுல ஒண்ணான பேல் கம்யூனியனை ஒழுங்காக் கேக்காதவங்க பேச்சு

விக்கி: 2009ல சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கு வந்தது எந்த ஓபெத்தாம்?

மீனா அத்தை: மாப்பிள்ளை ஐஐடியா? சொல்லவே இல்ல

சாந்தி சித்தி: இல்ல அண்ணி. பி.இ.

பெரியப்பா: வேன் யார் சொல்றது

விக்கி: போன தடவை வாடகையே பாக்கி பெரியப்பா

திவ்யா: அண்ணா, டேம்னேஷன்ல க்ளோசர் பாதியில நின்னுடுச்சு. நெட் போச்சா?

கார்த்தி: இல்ல, அது அப்படித்தான் வெட்டினாப்ல முடியும். அடுத்த பாட்டுக்குப் போ

சாந்தி சித்தி: கேசரியா சொஜ்ஜியா, யாராவது ஒண்ணு சொல்லுங்க

மீனா அத்தை: பாதாம் அல்வா