மஞ்சள் நடலாமா?

குழு: நொய்யல் கரைச் சொந்தங்கள்

பெரியப்பா, காலை 6:12
[படம்: கிணறு, மூன்றாவது படி வரை தண்ணீர்]
எல்லோருக்கும் வணக்கம். கிணறு நன்றாக ஏறியிருக்கிறது. அடியில் விழுந்து கிடக்கிற வாளிகூடத் தெரிகிறது, அவ்வளவு தெளிவு. வைகாசியில் கிணற்றடிக் காட்டில் மஞ்சள் போடலாம் என்று இருக்கிறேன். விதைக்குச் சொல்லி வைக்கட்டுமா?

அத்தை, 6:20
போடுங்கண்ணா. நம்ம காட்டு மஞ்சளைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு.

அண்ணன், 6:41
பெரியப்பா, விதைக்கு இப்போது பணம் கொடுத்துவிடாதீர்கள். போன தடவை பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரை எங்கள் சாயப்பட்டறை லேபில் பார்த்தேன். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு, லிட்டருக்கு 3,640 மில்லிகிராம் காட்டுகிறது.

தம்பி, 6:43
அம்மாடி. குடிநீருக்கே 500க்குள் இருப்பதுதான் நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 2,000 வரை போகலாம் என்கிறார்கள்.

பெரியப்பா, 6:50
நிறமே இல்லையே கண்ணு. அப்போதெல்லாம் சாயப்பட்டறைத் தண்ணீரால் ஆற்றில் ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் ஊதா என்று வரும். இப்போது அப்படி இல்லையே.

அண்ணன், 7:05
நிறம் வேறு, உப்பு வேறு பெரியப்பா. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்புக் கொட்ட வேண்டும். கருப்பு, கருநீலம் மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவோம். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான். சாயமாவது பெரும்பாலும் துணியில் தங்கிவிடும். உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதோடு சரி. போட்டதெல்லாம் அப்படியே கழிவுத் தண்ணீரோடு வந்துவிடும். வெயில்பட்டுக் காலப்போக்கில் நிறம் வெளுக்கலாம், உப்பு எங்கே போகும்? மண்ணில் இறங்கும், கிணற்றுக்கு ஊறும், நாம் மோட்டார் போட்டு மறுபடியும் மண்ணில் விடுவோம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் காட்டில் நிற்கும்.

நான், 7:08
தென்னை வட்டப்பாத்தியில் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிறதே, அதுதானா?

அண்ணன், 7:09
அதேதான்.

அத்தை, 7:15
ஒரு ஃபார்வர்ட் வந்தது. முருங்கை விதையைப் பொடி பண்ணிக் கிணற்றில் போட்டால் எல்லா விஷமும் இறங்கிவிடுமாம்.

அண்ணன், 7:17
கலங்கல் இறங்கும் அத்தை, அது உண்மை. கரைந்து போன உப்பு இறங்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, இன்னும் கெட்டியாகும்.

மாமா, 7:30
மாப்பிள்ளை, காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா? எல்லாப் பழியும் திருப்பூர்ப் பனியன் தொழில் மேல்தான். ஆற்றில் நுரை நுரையாகப் போவது கோயம்புத்தூர்ச் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் இல்லையா?

அண்ணன், 7:34
அதுவும் உண்டு மாமா, மறுக்கவில்லை. நுரைக்கு வீட்டுக் கழிவும் காரணம். ஆனால் பெரியப்பா கிணற்றில் 3,640 ஏறினது துணி துவைத்த சோப்பினால் இல்லை.

பெரியப்பா, 7:48
மாப்பிள்ளை, யார் மேலும் பழி போடவில்லை. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டினார்கள். நமக்கு இனிப் பாசனக் கவலை இல்லை என்று அப்பாரு கிடா வெட்டினார். சில வருஷத்துக்குள் அது சாயத் தண்ணீரைத் தேக்குகிற தொட்டியாகிவிட்டது. தண்ணீர் விடு என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டுக்காரன், இந்தத் தண்ணீரே வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனான். இப்படி ஒரு கூத்து வேறு எங்காவது நடந்திருக்குமா? எருமை மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போகும், குடிக்காது.

தம்பி, 7:55
அந்தத் தீர்ப்புகளை வகுப்பில் படித்தோம் பெரியப்பா. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், சாயப்பட்டறைகள் வெளியே விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்து 10 பைசா வரை கட்டச் சொன்னது. அதற்கு முன்னால் 2004இல் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் நஷ்டஈடு என்று கணக்குப் போட்டார்கள். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு 9,000 ரூபாய்கூட வராது.

பெரியப்பா, 7:57
கிணறு தூர் வாரவே காணாது.

மாமா, 8:10
சரி மச்சான், நீங்கள் பட்டது நிஜம். ஆனால் 2011 ஜனவரி 28 எனக்கும் மறக்காது. அத்தனை சாயப்பட்டறையையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் ஒரே உத்தரவில் மூடச் சொன்னார்கள். துணியைச் சாயத்துக்கு வெளி மாநிலத்துக்கு லாரியில் அனுப்பினோம். எத்தனை குடும்பம் ஊரைவிட்டுப் போனது! கரெண்டும் கட், கூலியும் கட்.

அத்தை, 8:12
அந்த வருஷத் தீபாவளிக்கு நமக்குப் புதுத் துணி இல்லை. பனியன் ஊரில் இருந்துகொண்டு!

அண்ணன், 8:25
மூடியது கஷ்டம்தான் மாமா. மூடாமல் இருந்திருந்தால் ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுத் தண்ணீரை வெளியே விடாத முறை, இந்த அளவுக்கு வந்திருக்காது என்பதும் நிஜம். முதலில் நுண்ணுயிர் தொட்டி, அப்புறம் நிறம் எடுப்பது, அப்புறம் உப்பை வடிகட்டுகிற ஆர்.ஓ. அதில் மிஞ்சுகிற கெட்டி உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறோம். நல்ல தண்ணீர் திரும்பச் சாயத் தொட்டிக்கே போகிறது, உப்பில் ஒரு பங்கும் போகிறது. இருபது வருஷத்துக்கு முன் முடியவே முடியாது என்றார்கள்.

நான், 8:27
அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

அண்ணன், 8:36
எங்கே தீர்ந்தது? எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், பாய்லருக்கு லாரி லாரியாக விறகு வருகிறது. தண்ணீர் மாசை நிறுத்தப் புகை விடுகிறோம். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது, அதை எங்கே கொட்டுவது? என்னைக் கேட்டால், குறைந்த தண்ணீரில், குறைந்த உப்பில் சாயம் போடுகிற மெஷினுக்கு மாறுவதுதான் முதல் வேலை. கொட்டிவிட்டு எடுப்பதைவிடக் கொட்டாமல் இருப்பது மலிவு. அப்புறம், மழை பெய்கிற ராத்திரியில் ஓடையில் திறந்துவிடுகிற திருட்டுப் பட்டறைகள். ஒழுங்காகச் செலவு செய்கிறவனுக்கும் அவனால்தான் கெட்ட பேர்.

மாமா, 8:38
இதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அவன் எங்களைவிடக் கிலோவுக்குக் குறைத்து ரேட் சொல்கிறான். எப்படி முடிகிறது என்று கேட்டால் சிரிக்கிறான்.

தம்பி, 8:40
மாசுபடுத்தியவரே சரிசெய்கிற செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே, வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்கில் சொல்லிவிட்டது மாமா.

மாமா, 8:41
வக்கீலய்யா, அதில் பாதியைச் சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரனையும் ஏற்கச் சொல்லுங்கள். கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏற்றிக் கேட்டால் வேறு நாட்டுக்குப் போய்விடுகிறான்.

பெரியப்பா, 8:55
அதெல்லாம் இருக்கட்டும். நான் மஞ்சள் போடவா, வேண்டாமா?

அண்ணன், 9:02
கிணற்றடியில் வேண்டாம் பெரியப்பா. மஞ்சள் உப்பைத் தாங்காது, கிழங்கு இறங்காது. மேட்டுக்காட்டு போர் தண்ணீரை இன்னும் பார்க்கவில்லை, அது நன்றாக இருந்தால் அங்கே அரை ஏக்கர் போடுங்கள். கிணற்றடியில் இந்த மழைக்குப் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். பருத்தி, தென்னை ஓரளவு தாங்கும்.

பெரியப்பா, 9:04
கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள்.

அண்ணன், 9:08
அது சோடியம் ஏறி இறுகின மண்ணுக்கு. வெறும் உப்பு மண்ணுக்குப் போட்டால் காசுதான் போகும். முதலில் மண் பரிசோதனை. நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ எடுத்து வையுங்கள். வரப்பு ஓரம், எருக்குழிப் பக்கம் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பெரியப்பா, 9:10
சரி சாமி. உங்கள் பெரியம்மா கோழி அடிக்கட்டுமா என்று கேட்கிறாள்.

மாமா, 9:11
அப்படியானால் நாங்களும் வருகிறோம்.

அத்தை, 9:13
வரும்போது அந்த டி.டி.எஸ். பார்க்கிற மீட்டரையும் எடுத்து வாடா. எங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வருகிறேன், பருப்பே வேக மாட்டேன் என்கிறது.